நான்கு விரற்கடை

காலை ஏழு மணிக்கு மாட்டினேன், அதுதான் தப்பு.
இரவெல்லாம் பெய்த மழையில் சுவர் சில்லிட்டிருந்தது,
பிவிசி குழாயும்.
எடைமேடைக் கொட்டகையிலிருந்து பம்ப் அறை வரை
முப்பத்தாறு மீட்டர், நூல் பிடித்த மாதிரி.
அரை மீட்டருக்கு ஒரு கவ்வி.
ஒவ்வொன்றையும் திருப்புளி வழுக்கும்வரை முறுக்கினேன்.
இணைப்புக்கு இணைப்பு பசை.
கிராணி ஜெயசுதா வெளியே வந்து பார்த்தாள்.
"கோடு போட்ட மாதிரி இருக்கு."
படம் பிடித்து அந்தச் சொல்லோடு
பகாவ் டவுன் முழுக்கக் காட்டிக்கொண்டு திரிந்தேன்.

சீனப் பெருநாள் கழிந்து வெயில் ஏறிய வாரம்
அழைப்பு வந்தது.

சாப்பிட்ட மலைப்பாம்புபோலக் குழாய்
சுவரைவிட்டுப் புடைத்து நின்றது.
தெறித்த கவ்விகள் மூன்று புல்லில்.
பெட்டியின் மூலை பிளந்து
சிவப்பு வயர் எட்டிப் பார்த்தது.
எடைமேடையில் எண் எதுவும் எரியவில்லை.
செம்பனைக் கொத்து ஏற்றிய லாரிகள்
சாலைவரை நின்றன, ஹாரன் அடிக்கவும் அலுத்துப்போய்.

"மலிவு குழாயா?" என்றார் மேலாளர் ஹஸ்னுல்.
ஆமாம் என்பதற்கு
வாயில் எல்லாம் தயாராக இருந்தது,
கடைக்காரன் பெயர்கூட.
நல்ல குழாய்தான், என்றேன்.
இடம் விடாதது நான்.

எடைச் சீட்டின் பின்பக்கம் கணக்குப் போட்டேன்.
ஒரு மீட்டர், ஒரு பாகை சூடு:
நூறில் ஆறு மில்லிமீட்டர் நீளும்.
மயிரிழை.
விடியலில் இருபத்து மூன்று,
தகரத்துக்குக் கீழே நடுப்பகலில் ஐம்பத்தெட்டு.
முப்பத்தைந்தால் பெருக்கு, முப்பத்தாறால் பெருக்கு.
எழுபத்தைந்து, கொஞ்சம் மேலே.
சீட்டின்மேல் கையை வைத்தேன்:
கட்டைவிரல் போக மீதி நாலு விரலும் மூடியது.
இத்தனையும் எங்கே போகும் என்று
ஒரு நாளும் நான் கேட்டதில்லை.

விரிவு மூட்டு சிரம்பானில் ஒரே கடையில் இருந்தது.
நாற்பத்திரண்டு வெள்ளி, என் காசு.
இம்முறை பகல் இரண்டு மணிக்கு, வேண்டுமென்றே,
தொட்டால் கை சுடும் நேரத்தில்.
அப்போதுதான் குழாய் தன் முழு நீளத்தில் இருக்கிறது.
உள்குழலை உறைக்குள் தள்ளினேன்.
கடைசியில் ஒரு நகம் அகலம் விட்டேன்,
நான் நினைப்பதைவிட மோசமான ஏதோ ஒரு பகலுக்கு.
உறையை மட்டும் சுவரோடு இறுக்கி,
மற்றக் கவ்விகளை எல்லாம்
பிடித்தும் பிடிக்காமல்.
கை கூசியது.
பதினோரு வருடம் இந்தக் கை
இறுக்கித்தான் சம்பாதித்திருக்கிறது.
உறையின் வாயோரம் உள்குழலில் பென்சில் கோடு,
உறைமேல்: 2.10, 58.

மறுநாள் விடிவதற்கு முன் போனேன்,
நெகிழிப்பையில் கோப்பி ஓ, கையில் டார்ச்.
காவலுக்கு நிற்கும் நேபாளி நர பகதூர்
சிரித்துக்கொண்டே வந்தார், சட்டைப்பையில் திருப்புளி.
"லொங்கார், காக்."
எல்லாம் ஆடியதாம்.
இரவு பதினொரு கவ்விகளை இறுக்கிவிட்டாராம்,
எனக்காக.

நன்றி சொன்னேன்.
சொல்லிவிட்டு முதல் கவ்வியிலிருந்து
அரைச் சுற்று, அரைச் சுற்று, கழற்றிக்கொண்டே வந்தேன்.
அவர் முகம் விழுந்தது.
குழாய் நடக்கும், என்றேன் எனக்குத் தெரிந்த மலாயில்.
குழாயைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
ஆனாலும் டார்ச்சைப் பிடித்துக்கொண்டார்.

மூட்டுக்கு வந்தபோது பென்சில் கோடு
உறையைவிட்டு வெளியே நின்றது.
அவரே விரல் வைத்து அளந்தார்:
மூன்று, அப்புறம் சுண்டுவிரலில் பாதி.
வானம் மூடியிருந்தது,
கணக்குக்குக் குளிர் போதவில்லை.
ஓ, என்றார். இன்னொரு தரம் வைத்துப் பார்த்தார்.

எட்டரைக்கு ஜெயசுதா வந்தாள்.
"கோடு கொஞ்சம் கோணலா இருக்கே?"

இருக்கும், என்றேன்.
முதல் லாரி மேடையில் ஏறியது.